புள்ளிகளின் பரிவர்த்தனை: நாடுகளுக்கிடையே பரீட்சைப் பெறுபேறுகளை மாற்றுதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

பட்டதாரி ஒருவர் மேற்படிப்பின் பொருட்டுப் பிறநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும்பொழுது அவருடைய பெறுபேற்றுப் பத்திரம் அந்நாட்டின் அளவுகோலுக்கேற்ப மாற்றி எழுதப்படுகிறது. ஓரிடத்திலே நூற்றுக்கு எழுபதாக இருந்தது இன்னோரிடத்திலே இரண்டரை ஆகின்றது. மற்றோரிடத்திலே ஓர் ஆங்கில எழுத்தாகின்றது. ஜேர்மானியப் பல்கலைக்கழகத்தில் ஐந்து பெற்றவன் தோல்வியுற்றவன். ரஷ்யாவில் ஐந்து பெற்றவன் அதிசிறந்தவன். பிரான்சில் இருபதுக்குப் பத்து எடுத்தாற் சித்தி; இத்தாலியில் முப்பதுக்குப் பதினெட்டு எடுத்தல் வேண்டும். அட்டவணை ஒன்றும் சூத்திரம் ஒன்றும் கைவசமிருந்தால் எந்த எழுதுவினைஞரும் இம்மாற்றத்தைச் செய்து முடித்துவிடலாம் என்பதே பொதுவான எண்ணம். நிறுவையில் இறாத்தலைக் கிலோகிராமாக்குவது போன்றதொரு காரியமாகவே இது கருதப்பட்டு வந்துள்ளது.

ஆனால் இறாத்தலுக்கும் கிலோகிராமுக்கும் பின்னால் எடை என்ற ஒரு பொதுப் பண்பு உண்டு. இரு நாடுகளின் பரீட்சைப் புள்ளிகளுக்குப் பின்னால் அவ்வாறான பொதுப் பண்பு ஒன்று உண்டா? உண்டென்றால் அதனை அளந்தவர் யார்? இல்லையென்றால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது எது? இவ்வினாக்களைக் கணித நூல்களிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை. பரீட்சைப் புள்ளி என்பது வரலாற்றிலே தோன்றியதொரு சமூக உறவு. அது தோன்றிய விதத்தையும், ஒரு நாட்டின் எல்லையைக் கடந்து செலாவணியாகத் தொடங்கிய விதத்தையும் நோக்கினாலன்றி இன்றைய மாற்று முறைகளின் இயல்பினை விளங்கிக்கொள்ளுதல் இயலாது. அவ்வாறு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பழைய ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலே மாணவனின் தகுதி பெரும்பாலும் வாய்மொழி வாதத்தினாலேயே சோதிக்கப்பட்டது. அங்கு எண்ணுக்கு வேலையிருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதப் பரீட்சையான டிரைப்பொஸ் படிப்படியாக எழுத்துப் பரீட்சையாக மாறியது. எழுத்து வந்ததும் ஒப்பீடும் வந்தது. சித்தியடைந்தோர் 'ராங்லர்' முதலான மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, முதலாமவர் தொடக்கம் கடைசியானவர் வரை வரிசையாக நிறுத்தப்பட்டனர். கடைசி இடத்தைப் பெற்றவருக்குச் சக மாணவர்கள் மரக்கரண்டி ஒன்றை வழங்கிக் கேலி செய்வது அக்காலத்து வழக்கம். இவ்வரிசைப் பட்டியல் 1909 வரை வெளியிடப்பட்டு வந்தது.

அமெரிக்காவிலே 1785இல் யேல் கல்லூரித் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் 58 மாணவரைச் சோதித்து, 20 பேரை மிகச் சிறந்தோர் என்றும், 16 பேரை அவர்க்கு அடுத்தோர் என்றும், 12 பேரைத் தாழ்ந்தோர் என்றும், 10 பேரை இன்னும் தாழ்ந்தோர் என்றும் இலத்தீன் சொற்களாற் குறித்து வைத்தார். இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், இவ்விரு இடங்களிலும் அளவீடு ஒரு குறிப்பிட்ட வகுப்பறைக்குள் அடங்கியிருந்தது என்பதே. 'இவன் இவர்களுள் மூன்றாமவன்' என்பதே அதன் பொருள். 'இவர்கள்' யார் என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அந்த 'இவர்கள்' மறைகின்றனர். தொழிற்சாலை, இரயில்பாதை, அரசாங்கத் திணைக்களம் ஆகியவற்றின் பெருக்கத்தோடு ஒருவரையொருவர் அறியாத பெருந்தொகையினரைத் தெரிவு செய்யவேண்டிய தேவை ஏற்பட்டது. அத்தேவைக்கு வரிசை போதவில்லை. வகுப்பறையை விட்டு வெளியே எடுத்துச் செல்லக்கூடிய எண் வேண்டியிருந்தது. 1897இல் மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரி எழுத்துத் தரங்களை நூற்றுவீதத்துடன் இணைத்தபோது 75க்குக் குறைந்தவர் அனைவரும் தோல்வியுற்றோராயினர். ஆங்கிலேய மரபிலோ 40 சித்தியாகவும் 70 முதல் வகுப்பின் வாயிலாகவும் நிலைபெறலாயின. ஒரு மரபிலே தோல்வியைக் குறிக்கும் எண் இன்னொரு மரபிலே உயர் சிறப்பைக் குறித்தது. இரண்டும் 'நூற்றுக்கு' என்று சொன்னமையால் இரண்டும் ஒரே நூறு என்ற மயக்கம் பிறந்தது.

3

வெவ்வேறு கல்விகளை ஒரே எண்ணுக்குள் கொண்டுவரும் முயற்சி பேரரசின் நிருவாகத்திலேதான் முதன்முதலாகப் பட்டவர்த்தனமாகத் தென்படுகிறது. இந்தியச் சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை மூலம் ஆட்சேர்ப்பதற்கு மெக்காலே தலைமையிலான குழு 1854இல் ஒரு திட்டத்தை வகுத்தது. பாடங்களுக்கு அக்குழு விதித்த உச்சப் புள்ளிகள் பின்வருமாறு: ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியன சேர்ந்து 1500; கணிதம் 1000; கிரேக்கம் 750; இலத்தீன் 750; இயற்கை விஞ்ஞானமும் ஒழுக்கவியலும் தலா 500; பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியன் ஆகியவை தலா 375; சம்ஸ்கிருதமும் அரபும் தலா 375. மொத்தம் 6875.

இப்பட்டியலை நாணயமாற்று விகிதப் பட்டியலாகவே நாம் வாசித்தல் வேண்டும். ஒரு கிரேக்கம் இரண்டு சம்ஸ்கிருதத்துக்குச் சமம். இந்தியாவை ஆளப்போகின்றவருக்கு நடத்தப்பெறும் பரீட்சையிலே இந்தியாவின் செவ்வியல் மொழி ஏதென்ஸ் நகரத்து மொழியின் பாதி விலைக்குப் போயிற்று. தமிழ், வங்காளம், இந்துஸ்தானி போன்ற வாழும் மொழிகளுக்கு அப்போட்டியிலே இடமேயிருக்கவில்லை. தெரிவானோர் பின்னர் பயிற்சிக் காலத்திலே கற்றுக்கொள்ளும் கருவிகளாகவே அவை கொள்ளப்பட்டன. சம்ஸ்கிருதம் கற்பதற்குக் கிரேக்கத்தினும் அரைப்பங்கு உழைப்பே தேவை என்று எவரும் நிறுவியிருக்கவில்லை. ஆங்கிலேயப் பொதுப் பள்ளிகளிலும் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றிலும் பயின்ற வகுப்பினருடைய கல்வியே அளவுகோலாயிற்று. ஏனையவை அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றனவோ அவ்வளவுக்குக் கழிவு பெற்றன.

இதன் தொடர்ச்சியும் நோக்கத்தக்கது. சம்ஸ்கிருதம், அரபு ஆகியவற்றுக்கான புள்ளிகள் பின்னர் 500 ஆக உயர்த்தப்பட்டிருந்தன. 1863இல் சத்யேந்திரநாத் தாகூர் இப்பரீட்சையிலே சித்தியடைந்த முதல் இந்தியரானார். அதனையடுத்து இரு வருடங்களுக்குள் அப்புள்ளிகள் மீண்டும் 375 ஆகக் குறைக்கப்பட்டன. விடைத்தாள்கள் மாறவில்லை, மொழிகளும் மாறவில்லை; விகிதம் மட்டும் மாறியது. மாற்று விகிதத்தை ஏற்கும் தரப்பே நிர்ணயிக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4

இலங்கைத் தமிழரின் கல்வி வரலாறும் இதே பின்னணியிலே வைத்து நோக்கத்தக்கதாகும். 1823 தொடக்கம் 1855 வரை இயங்கிய வட்டுக்கோட்டை செமினரி உயர்ந்த கல்வியை வழங்கியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கல்வியைப் பரிவர்த்தனைக்குரிய நாணயமாக அடித்து வெளியிடும் அதிகாரம், அதாவது பட்டமளிக்கும் உரிமை, அதற்கு இருக்கவில்லை. அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர். அறிவு யாழ்ப்பாணத்திற் பெற்றது. முத்திரை சென்னையிற் குத்தப்பட்டது.

கேம்பிரிட்ஜின் உள்ளூர்ப் பரீட்சைகள் 1880 முதல் இலங்கையில் நடைபெறலாயின. 1858 முதற் கற்ற இடத்தை வினவாது எவரையும் பரீட்சைக்கு ஏற்கத் தொடங்கியிருந்த இலண்டன் பல்கலைக்கழகம், வெளிவாரிப் பட்டத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. 1906இல் சேர். பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென இயக்கம் தொடங்கினர். 1921இல் கிடைத்ததோ மாணவரை இலண்டன் பரீட்சைகளுக்கு ஆயத்தப்படுத்தும் பல்கலைக்கழகக் கல்லூரி. தன் பட்டத்தைத் தானே வழங்கும் இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இலேயே தோன்றியது. இக்கால எல்லைக்குள் புள்ளிமாற்றம் என்ற பிரச்சினை எழவில்லை என்பது உண்மையே. ஒரே நாணயம் புழங்கும் இடத்தில் நாணயமாற்றுக்கு இடமில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட விலை, வினாத்தாளும் பாடத்திட்டமும் பிறரால் வகுக்கப்பட்டமையாகும்.

இதே காலத்தில் வேறொரு நாணயமும் புழக்கத்திலிருந்தது. 1901இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கமும், பின்னர் யாழ்ப்பாணத்து ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கமும் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனப் படிமுறையாகப் பரீட்சைகளை நடத்தின. இலக்கண இலக்கியங்களில் அவை எதிர்பார்த்த ஆழம் பட்ட வகுப்பினும் குறைந்ததன்று. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகிய மயில்வாகனனார் இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். சுவாமி விபுலாநந்தராகிப் பிற்காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் அவரே. இரு நாணயங்களும் அவரிடம் இருந்தன. பண்டிதம் மட்டுமே உடைய பலருக்கோ பல்கலைக்கழக வாயில் அவ்வாறு திறக்கவில்லை. ஏகாதிபத்தியத்தின் மாற்று விகிதத்தைக் கண்டிக்கும் நாம், நமது பல்கலைக்கழகங்கள் மரபுவழிக் கல்விக்கு விதித்த மாற்று விகிதத்தையும் சேர்த்தே பேசுதல் நேர்மையாகும்.

5

அளவுகோலே உறுதியற்றது என்ற உண்மை ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். பொருளியலாளரும் புள்ளிவிபரவியலாளருமாகிய எட்ஜ்வர்த், பரீட்சைப் புள்ளியிலே தற்செயலின் பங்கினை 1888இலும் 1890இலும் எழுதிய கட்டுரைகளில் ஆராய்ந்தார். அமெரிக்காவிலே 1912இல் ஸ்டார்ச், எலியட் ஆகியோர் ஒரே ஆங்கில விடைத்தாளின் பிரதிகளை நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளுக்கு அனுப்பியபோது, ஒரு தாளே ஓராசிரியரிடம் ஐம்பதும் இன்னோராசிரியரிடம் தொண்ணூற்றுக்கு மேலும் பெற்றது. நாடுகளுக்கிடையிலான பரீட்சை ஆய்வு ஒன்று 1931இல் கார்னெகி நிதியத்தின் உதவியோடு தொடங்கப்பட்டது. அதன் ஆங்கிலேயக் கிளையின் முடிவுகளை ஹார்ட்டொக், ரோட்ஸ் ஆகியோர் 1935இல் வெளியிட்டனர். 15 வரலாற்று விடைத்தாள்களை 14 பரீட்சகர் காலம் தாழ்த்தி மீண்டும் திருத்தியபோது, 210 தீர்ப்புகளுள் 92 முன்னர் அதே பரீட்சகர் அளித்த தீர்ப்பினின்றும் வேறுபட்டன.

தன் தாளைத் தானே இருமுறை திருத்துகையில் ஒருமைப்படாத அளவு, கடலைக் கடந்து சென்றதும் தசம தானம் வரை துல்லியமாகிவிடும் என்று கொள்வதற்கு நியாயம் ஏதுமில்லை. எனினும் நடைமுறை அப்படித்தான் சென்றது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் உயர்கல்வியும் குடிபெயர்வும் பெருகியபோது மாற்றுதல் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. பிறநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடுவதற்கென நியூயோர்க்கில் 1974இலே தனி நிறுவனம் ஒன்று தோன்றியமை இவ்வளர்ச்சியின் ஓர் அறிகுறி.

6

இன்று வழங்கும் முறைகளை இருவகைப்படுத்தலாம். ஒன்று நேர்கோட்டுச் சூத்திரம். மற்றையது இடநிலை ஒப்பீடு.

முதலாவதற்குச் சிறந்த உதாரணம் ஜேர்மனியிலே பெரிதும் கையாளப்படும் திருத்திய பவேரியச் சூத்திரமாகும். உச்சப் புள்ளியிலிருந்து மாணவர் பெற்ற புள்ளியைக் கழித்து, அதனை உச்சப் புள்ளிக்கும் சித்திப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தாற் பிரித்து, மூன்றாற் பெருக்கி ஒன்றைக் கூட்டவேண்டும். வரும் விடை ஜேர்மானியத் தரமாகும்: ஒன்று அதிசிறப்பு, இரண்டு நன்று, மூன்று திருப்தி, நான்கு சித்தி.

பிரெஞ்சு மாணவி ஒருவர் இருபதுக்குப் பதினான்கு பெற்றுள்ளார் எனக் கொள்வோம். பிரான்சில் அது 'நன்று' என்னும் தரம். சூத்திரத்திலிட்டால் 2.8 வருகின்றது. அதாவது 'நன்று' எல்லையைக் கடந்து 'திருப்தி'யை அண்மிவிடுகின்றது. பிரான்சில் இருபதுக்கு இருபது எவருக்கும் எளிதிற் கிடைப்பதில்லை என்பதைச் சூத்திரம் அறியாது. அடையப்பெறாத உச்சத்தை அது அடையப்பெறும் உச்சமாக எடுத்துக்கொள்கின்றது.

நமது அனுபவத்துக்கு நெருங்கிய உதாரணம் இதனினும் கூர்மையானது. முதல் வகுப்பின் வாயில் நூற்றுக்கு எழுபதும் சித்தி நாற்பதும் என்ற ஆங்கிலேய மரபின்படி ஒருவர் எழுபது பெற்றால் சூத்திரம் தரும் விடை 2.5. இன்று நமது பல்கலைக்கழகங்களில் வழங்கும் தரப்புள்ளிச் சராசரி முறையிலே முதல் வகுப்பின் வாயில் பெரும்பாலும் நாலுக்கு 3.70; சித்தி எல்லையை 2.00 எனக் கொண்டால் அதே சூத்திரம் தரும் விடை 1.45. முன்னையது 'நன்று' என்பதன் கடைசி எல்லை, பின்னையது 'அதிசிறப்பு'. இரண்டுமே முதல் வகுப்பின் தொடக்கப் படி. மாணவரின் அறிவில் மாற்றம் ஏதும் ஏற்படவில்லை. அவரது பல்கலைக்கழகம் எந்தக் காகிதத்தில் அச்சிட்டது என்பதே அவர் தெரிவாவதையும் தெரிவாகாமையையும் தீர்மானித்து விடுகின்றது. புலமைப்பரிசில் ஒன்றுக்கு இரண்டே எல்லையாக இருக்குமாயின் ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே.

இரண்டாவது முறை இக்குறையை ஓரளவு உணர்ந்தது. 1989இல் ஐரோப்பாவிலே எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத்தோடு தொடங்கிய நற்பேற்று மாற்று முறை, சித்தியடைந்தோரை இடநிலை கொண்டு பிரித்தது. முதற் பத்து வீதத்தினர், அடுத்த இருபத்தைந்து, முப்பது, மீண்டும் இருபத்தைந்து, இறுதிப் பத்து என ஐந்து எழுத்துகள். எண்ணின் அளவு முக்கியமன்று, சக மாணவரிடையே பெற்ற இடமே முக்கியம் என்ற வகையிலே இது பழைய கேம்பிரிட்ஜ் வரிசையின் உண்மையை மீட்டெடுத்தது எனலாம். ஆயினும் ஒவ்வொரு வகுப்பும் சமமான ஆற்றலுடையது என்ற எடுகோளின்மேலேயே அது நின்றது. பன்னிருவர் மட்டுமே கொண்ட வகுப்பிலே பத்து வீதம் என்பதற்குப் பொருளில்லை. 2009இல் அவ்வைந்தெழுத்து முறை கைவிடப்பட்டு, ஒவ்வொரு நிறுவனமும் தன் புள்ளிப் பரம்பலை அட்டவணையாக இணைத்தல் வேண்டும் என்று விதந்துரைக்கப்பட்டது.

இந்த எடுகோளின் விளைவினை இலங்கையர் தம் நாட்டுக்குள்ளேயே கண்டுள்ளனர். 1970களின் முற்பகுதியிலே பல்கலைக்கழக அனுமதிக்குப் புகுத்தப்பட்ட மொழிவாரித் தரப்படுத்தல், இரு மொழிமூலங்களிலும் தோற்றிய மாணவரின் புள்ளிப் பரம்பல்கள் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து மூலப்புள்ளிகளை மாற்றியது. பரீட்சகரிடையே உள்ள வேறுபாட்டினைச் சீர்செய்தல் என்பது சொல்லப்பட்ட காரணம். விஞ்ஞான பீடங்களிலே தமிழ்மொழிமூல மாணவரின் அனுமதி வீழ்ச்சியடைந்தமை கண்கூடான விளைவு. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு பின்தங்கிய பிரதேச மாணவருக்கு, வன்னி, மன்னார் போன்ற தமிழ்ப் பகுதிகள் உட்பட, ஓரளவு வாயிலைத் திறந்தது என்பதையும் மறைத்தலாகாது. இரண்டும் ஒன்றல்ல. வசதியின்மையை வெளிப்படையாகக் கூறி இடம் ஒதுக்குதல் வாதத்துக்கு உட்படுத்தக்கூடிய ஓர் அரசியற் தீர்மானம். புள்ளியையே மாற்றியமைத்துவிட்டு அதனைப் புள்ளிவிபரவியல் என்றழைத்தலோ, அத்தீர்மானத்தை வாதத்தினின்றும் மறைத்தலாகும்.

7

பரீட்சைகளையும் புள்ளிகளையும் அடியோடு ஒழித்துவிடுதலே தீர்வு என்று கூறுவோர் உளர். சோவியத் ருஷ்யாவிலே 1918ஆம் ஆண்டு மே மாதத்தில் லுனாசார்ஸ்கியின் கல்வி ஆணையகம் பாடசாலைப் புள்ளிகளை ஒழித்தது. 1935இல் அவை ஐந்து சொற்தரங்களாக மீண்டன, 1944இல் எண்களாயின. கைத்தொழிலாக்கத்துக்கு வேண்டிய பெருந்தொகை நிபுணரைத் தெரிவு செய்த சமுதாயம் அளவுகோல் இன்றி இயங்க முடியவில்லை. சமனற்ற மனிதரைச் சமமான அளவுகோலால் அளக்கும் உரிமை, உள்ளடக்கத்திலே சமனின்மைக்கான உரிமையே என்று மார்க்ஸ் 1875இலே கோதா வேலைத்திட்டத்தை விமரிசித்தபோது சுட்டிக்காட்டினார். அக்குறை ஆணை ஒன்றினால் நீங்குவதன்று என்பதையும் அவர் அங்கேயே உணர்த்தியிருந்தார்.

நாணயமாற்று என்னும் உவமையின் எல்லையையும் இவ்விடத்திலே சுட்டவேண்டும். பண்டங்களின் பரிவர்த்தனைக்குப் பின்னால் அவற்றில் உறைந்த சமூக உழைப்பு உண்டு. புள்ளிகளின் பரிவர்த்தனைக்குப் பின்னாலும் கற்றவரின் உழைப்பும் கற்பித்தவரின் உழைப்பும் உண்டு. ஆனால் சூத்திரம் அவற்றை நோக்குவதேயில்லை. பாடத்திட்டம், வினாத்தாள், நூலக வசதி, எம்மொழியிலே கற்றார் என்பது ஆகிய யாவும் உதிர்ந்துபோக, எண் மட்டும் எஞ்சுகின்றது. எஞ்சிய எண்ணையும் ஏற்கும் நாடே தன் அளவுகோலுக்கு மொழிபெயர்க்கின்றது. மெக்காலேயின் பட்டியலுக்கும் பவேரியச் சூத்திரத்துக்கும் நோக்கத்திலே பெரும் வேறுபாடு உண்டு. பின்னையது எவரையும் விலக்கும் எண்ணத்துடன் ஆக்கப்பட்டதன்று. ஆயினும் அளவுகோல் யாருடையது என்ற வினாவுக்கு இரண்டும் தரும் விடை ஒன்றே.

1997இல் லிஸ்பனில் நிறைவேறிய ஐரோப்பியப் பிரதேசத்துக்கான உடன்படிக்கை இவ்விடத்தில் ஒரு முக்கியமான முன்னேற்றத்தைக் குறிக்கின்றது. ஒரு தகைமையை ஏற்க மறுக்கும் நிறுவனமே கணிசமான வேறுபாடு உண்டென்பதை நிறுவவேண்டும் என அது விதித்தது; நிரூபிக்கும் சுமை விண்ணப்பதாரியின் தோளிலிருந்து நீங்கியது. உயர்கல்வித் தகைமைகளை ஏற்பது பற்றிய யுனெஸ்கோவின் உலக உடன்படிக்கை 2019இல் நிறைவேறி 2023இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் இவை தகைமையை ஏற்பது பற்றியனவேயன்றி, அதற்குள் இருக்கும் புள்ளியை மாற்றுவது பற்றியன அல்ல. வாயில் திறந்தபின் வரிசையில் எங்கு நிறுத்துவது என்பது இன்னமும் சூத்திரத்தின் கையிலேயே உள்ளது.

ஆதலின் நமது பல்கலைக்கழகங்கள் உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பெறுபேற்றுப் பத்திரத்தோடு அப்பாடத்திலே அவ்வருடம் தோற்றியோர் எத்தனை பேர், எத்தரத்தை எத்தனை பேர் பெற்றனர் என்ற பரம்பலையும், பாடத்திட்டத்தின் சுருக்கத்தையும் இணைத்து வழங்குதல் வேண்டும். எண்பது புள்ளியை எவரும் பெறாத வகுப்பிலே எழுபத்திரண்டு பெற்றவர் யார் என்பதை அப்பத்திரம் தானே கூறும். எழுதுவினைஞரின் அட்டவணைக்கு எதிராக மாணவர் நீட்டத்தக்க சான்று அதுவாகும். மரபுவழித் தமிழ்க் கல்வியின் தகைமைகளை நாம் மதிப்பிடும்போதும் இதே நியதியைக் கையாள்வோமாயின், பிறரிடம் நாம் கேட்கும் நியாயத்தை நாமும் வழங்கியவராவோம்.